அழியாப் புகழ் அண்ணாச்சி

சிவகாசியில் புகழுக்குரியவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரையும் சண்முக நாடாரையும் புகழ்ந்தாயிற்று. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே என்று அச்சுத் தொழிலை ஊருக்குள் கொண்டுவந்தவர்களையும் புகழ்ந்தாயிற்று. நேரு சொன்னதாகச் சொல்லி ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டத்தை ஊரே எடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. எங்கள் அச்சகத்தின் மாடியில், ஏசி ஓடும் ஒரே அறையில், சர்வருக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சியை மட்டும் இதுவரை எவரும் வாயாரப் புகழவில்லை. காதுகுத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ராத்திரியோடு ராத்திரியாகப் போஸ்டர் அடித்துத் தரும் ஊர் இது. அவருக்கென்று ஒரு துண்டு நோட்டீஸ்கூட வந்ததில்லை. அந்தக் குறையை நான் தீர்க்கிறேன்.

அண்ணாச்சியின் கையில் இருப்பது சாதாரணப் பொறுப்பில்லை. நாங்கள் அடிப்பது தினசரி காலண்டர். ஆடிப்பெருக்கன்று ஊரிலுள்ள காலண்டர்காரர்கள் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் ஊர் ஊராகக் கிளம்புவார்கள். எந்தச் சாமி படம், எத்தனை ஆயிரம், கடைப் பெயர் எந்த எழுத்தில், போன தடவை அடித்ததில் என்ன திருத்தம் என்பதெல்லாம் முன்பு தபாலில் வந்தது, பிறகு போனில் வந்தது, இப்போது ஒரு செயலியில் வருகிறது. செயலி ஓடுவது அண்ணாச்சியின் சர்வரில். முதலாளியின் மைத்துனர் வெடிக்கடை வைத்திருப்பதால் தீபாவளி மாதங்களில் அவருடைய விலைப்பட்டியல் தளமும் அதே சர்வரில் ஓடும். பட்டாசை இணையத்தில் விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நம் பக்கத்துத் தளங்கள் எதையும் விற்பதில்லை, விலையைக் காட்டி ‘விசாரணை’ மட்டும் வாங்கிக்கொள்கின்றன. அந்த நாகரிகத்தைப் பாராட்டுவதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.

இவை அத்தனையும் டாக்கர் என்ற கருவியில் ஓடுகின்றன. 2013 மார்ச்சில், கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த பைதான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் சில நிமிடப் பேச்சில் உலகுக்குக் காட்டியது அது. ஒரு மென்பொருளும் அது ஓடத் தேவையான மற்ற எல்லாமும் சேர்ந்த தொகுப்பு இமேஜ். அந்த இமேஜிலிருந்து எழுப்பி ஓடவிடுவது கன்டெய்னர். கன்டெய்னர் போனாலும் போகக் கூடாத தரவுக்கு வால்யூம். கன்டெய்னரைத் தேவைப்பட்டபோது எழுப்ப வேண்டும், வேலை முடிந்ததும் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது இந்தக் கருவியைச் செய்தவர்களின் எண்ணம். அண்ணாச்சி இதில் முன்பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

எழுப்பினார், எழுப்பினார், எழுப்பிக்கொண்டே இருந்தார். வேலை முடிந்த கன்டெய்னர் நின்றுவிடுமே தவிரப் போய்விடாது. அது எழுதியது, கிறுக்கியது எல்லாம் டிஸ்க்கிலேயே கிடக்கும். எழுப்பும்போதே ‘ஆர்எம்’ என்ற இரண்டெழுத்துக் குறிப்பைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்ததும் தானாகவே அழிந்துபோகும். பிறக்கும்போதே சாவுக்கு நாள் குறிக்கும் அந்தக் கொடுமைக்கு அண்ணாச்சியின் மனம் என்றுமே ஒப்பியதில்லை.

‘டாக்கர் பிஎஸ் மைனஸ் ஏ’ என்று தட்டிப் பார்த்தால் தெரியும் அவருடைய கருணை. பட்டியல் திரையைத் தாண்டி இறங்கிக்கொண்டே போகும். கன்டெய்னருக்குப் பெயர் வைக்காமல் விட்டால் டாக்கரே ஒரு அடைமொழியையும் ஒரு அறிவியலாளர் பெயரையும் ஒட்டி வைத்துவிடும். அந்தப் பெயர்ப் பட்டியலில் நம் ராமன், ராமானுஜன், சந்திரசேகர், கலாம் எல்லாரும் உண்டு. அதனால் எங்கள் சர்வரில் பசித்த ராமன்களும் தூங்குமூஞ்சி ராமானுஜன்களும் கோபக்காரக் கலாம்களும் வருடக்கணக்கில் நின்றபடி காத்திருந்தார்கள். (ஸ்டீவ் வோஸ்னியாக்குக்கு மட்டும் ‘சலிப்பூட்டும்’ என்ற அடைமொழி வரவே கூடாது என்று டாக்கர்காரர்கள் நிரலிலேயே தடை எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் தங்கள் பெரியவர்கள்மேல் பக்தி உண்டு.) பெரிய விஞ்ஞானிகளை இப்படிக் கூட்டமாகத் தங்கவைத்துச் சோறு போட்ட இடம் விருதுநகர் மாவட்டத்தில் வேறெங்கே இருக்கிறது?

அவராகப் பெயர் வைத்தவை இன்னும் அழகு. ‘காலண்டர்-பைனல்’, ‘காலண்டர்-பைனல்-புதுசு’, ‘பைனல்-இதுதான்’, ‘பைனல்-யாரும்-தொடாதே’. இதில் எது ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டால் அண்ணாச்சி சிரிப்பார். ஓடிக்கொண்டிருந்தது ‘டெஸ்ட்-2’.

இமேஜ் விஷயத்தில் அவர் வள்ளல். ஒரே பெயரில் புதிதாக இமேஜ் கட்டும் ஒவ்வொரு தடவையும் பழையது தன் பெயரைப் புதியதிடம் பறிகொடுத்து, ‘நன்’ என்று பட்டியலில் அநாதையாய் நிற்கும். மற்ற ஊர் ஆட்கள் இவற்றைத் தொங்குபவை என்று சொல்லி, ஈவிரக்கம் இல்லாமல் துடைத்துவிடுவார்கள். எங்கள் அண்ணாச்சி ஒரு அநாதையைக்கூட வெளியே தள்ளியதில்லை. ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் புதிதாகக் கட்டுவார், பழையது உள்ளே இருக்கும். சிவகாசி மண்ணில் உப்புக்காற்று இல்லை, மழையும் குறைவு, வைத்த பொருள் வைத்தபடி இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். டிஸ்க்குக்கும் அந்த மண்வாகு பொருந்தும் என்று நிரூபித்தவர் இவர்தான்.

தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்த ஔவை, பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளக்கும் அவன் ஆயுதங்களை மெச்சியதாகப் புறநானூறு சொல்கிறது. அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. தூது போன இடத்தில் அவள் யாரை மெச்சினாள் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். எங்கள் சர்வர் அறையை அந்தப் பாட்டி ஒரு நடை பார்த்திருந்தால் தொண்டைமானை விட்டுவிட்டு நேராக அண்ணாச்சியைப் பாட உட்கார்ந்திருப்பாள். அங்கே இருந்த இமேஜ்களில் முக்கால்வாசி ஒரு தடவைகூடக் களம் கண்டதில்லை.

பழையதைக் காப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நூலகத்தில் பெரிய ஓட்டை இருப்பது வெளியே தெரிந்து, உலகம் முழுக்கக் கணினிக்காரர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையைத் தொலைத்து ஓட்டை அடைத்தார்கள். எங்கள் சர்வரில் அதற்கு முந்தைய இமேஜ்கள் அத்தனையும் அந்தக் காலத்து ஓட்டையோடு பத்திரமாக இருந்தன. தூங்கும் இமேஜால் ஆபத்தில்லை. எவராவது ஒருநாள் ‘பழசு நல்லா ஓடுச்சே’ என்று அதைத் தட்டி எழுப்பினால், எழும்போது ஓட்டையோடுதான் எழும். அந்த வாய்ப்பைத் திருடனுக்கும் மறுக்காதது பெருந்தன்மை.

இப்படிச் சேர்த்து வைப்பதன் பலனை அமெரிக்காவில் கண்கூடாகக் காட்டிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. நைட் கேபிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனம், 2003-க்குப் பிறகு பயன்படுத்தாத ‘பவர் பெக்’ என்ற நிரல் பகுதியை அழிக்காமல் சர்வர்களில் அப்படியே வைத்திருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய நிரல் வேலையைத் தொடங்கியபோது, எட்டு சர்வர்களில் ஏழில்தான் அது ஏறியிருந்தது. ஏறாமல் விட்ட எட்டாவதில் பழைய நிரல் கண்விழித்து, கேட்பாரில்லாமல் வாங்கியது, விற்றது. ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலர் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனத்தையே இன்னொரு நிறுவனம் வாங்கப் பேசி முடித்துவிட்டது. அண்ணாச்சியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, ‘பாத்தீகளா, ஒம்பது வருசங் கழிச்சும் ஓடியிருக்கு பாருங்க’ என்றார்.

இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நேராகப் பேசுகிறேன். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில் ஒரு விதி உண்டு. அன்றைக்கு வேண்டிய மருந்தை மட்டும் அன்றைக்குக் கலக்க வேண்டும். மீந்ததை அறையில் விட்டுப் போகக் கூடாது. அதை அப்புறப்படுத்துவதற்கென்று தனி இடமும் முறையும் உண்டு. 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் ஆலைப் போர்மேனும் இதையே சொல்கிறார்கள். ஆனாலும் ‘நேற்று மீந்த மருந்தை இன்று காலையில் எடுத்தபோது’ என்று தொடங்கும் செய்தியை எங்கள் மாவட்டத்துப் பக்கத்தில் வருடம் தவறாமல் படிக்கிறோம். அங்கே போவது உயிர். அந்தத் துயரத்தை ஒரு சர்வரோடு ஒப்பிட எனக்கு மனசில்லை. மீதி என்றால் என்ன என்று இந்த ஊருக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன். மருந்தறையில் மகளை வேலைக்கு அனுப்பும் தாய்க்குத் தெரிந்த அந்த விஷயம் ஏசி அறைக்கு ஏறி வரவில்லை.

சரி, அண்ணாச்சிக்குத் திரும்புவோம்.

ஓர் ஆவணி மாதத்தில், ஏஜெண்டுகள் ஆர்டரைத் தட்டிக்கொண்டிருந்த மத்தியானம், சர்வர் ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டது: சாதனத்தில் இடமில்லை. டேட்டாபேஸ் எழுத இடம் கேட்டு, கிடைக்காமல் நின்றுபோனது. கோவில்பட்டி ஏஜெண்ட் போட்ட ஆர்டரை மூன்று தடவை போட்டார், மூன்றும் போகவில்லை. வேறொரு அச்சகத்துக்குப் போய்விட்டார். முதலாளி மாடி ஏறி வந்தார். அவர் மாடி ஏறி வருவது தீபாவளி போனஸ் அன்றைக்குத்தான்.

அன்றுதான் அண்ணாச்சியின் வாழ்க்கையில் இரண்டாவது அத்தியாயம் தொடங்கியது. எதையும் அழிக்காதவர், எல்லாவற்றையும் அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எங்கிருந்தோ எடுத்தார். இரண்டிலும் ஒரே கொள்கைதான்: எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துப் பிரிக்கும் சில்லறை வேலை அவருடையதல்ல.

அந்த ஸ்கிரிப்ட்டின் பெருமையைச் சொல்ல வேண்டும். பழைய காலத்தில் இந்த வேலைக்கு இரண்டு மூன்று கட்டளைகளைக் கோத்துக் கட்ட வேண்டியிருந்தது. நின்ற கன்டெய்னர்களின் எண்களைத் தனியாக வாங்கி அழிக்கும் கட்டளைக்குள் ஊட்ட வேண்டும், தொங்கும் இமேஜ்களை வடிகட்டி எடுத்து இன்னொரு கட்டளைக்குள் ஊட்ட வேண்டும். கன்டெய்னரை அழிக்கும் கட்டளையில் ஒரு நன்மை இருந்தது. ஓடும் கன்டெய்னரைத் தொட்டால், ‘இது ஓடிக்கொண்டிருக்கிறது, அழிக்க மாட்டேன்’ என்று மறுத்துவிடும். 2017 ஜனவரியில் வந்த 1.13 பதிப்பில் டாக்கர்காரர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ‘சிஸ்டம் ப்ரூன்’ என்று ஒரே கட்டளையாக்கினார்கள். செடியைக் கத்தரிப்பதற்குச் சொல்லும் சொல். அந்தக் கட்டளை அழிப்பதற்கு முன்பு என்னென்ன போகும் என்று வரிசையாகச் சொல்லி, ‘நிச்சயம்தானா?’ என்று ஒரு தடவை கேட்கும். அந்தக் கேள்விக்கு வாய்ப்பூட்டு போடுவதற்கு ‘மைனஸ் எஃப்’ என்று ஒரு குறிப்பு உண்டு. அதே பதிப்பில், எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, எதை மீட்கலாம் என்று அட்டவணை போட்டுக் காட்டும் ‘சிஸ்டம் டிஎஃப்’ என்ற கட்டளையும் வந்தது. அதை அண்ணாச்சி தட்டியதே இல்லை. கணக்குப் பார்ப்பவன் கருமி.

அண்ணாச்சியின் கட்டளை இது: டாக்கர் சிஸ்டம் ப்ரூன், மைனஸ் ஏ, வால்யூம்ஸ், மைனஸ் எஃப். மைனஸ் ஏ என்றால் தொங்குபவை மட்டுமில்லை, எந்தக் கன்டெய்னரும் பிடித்திராத எல்லா இமேஜும். வால்யூம்ஸ் என்றால் தரவும். மைனஸ் எஃப் என்றால் கேள்வி கிடையாது. தயக்கத்துக்கு இடம் தரும் எல்லா வாசலையும் ஒரே வரியில் சாத்திவிட்டார். இதைத் தினமும் ராத்திரி 2 மணிக்கு ஓடும்படி க்ரானில் போட்டார். வரும் விடைகளை எங்கேயும் எழுதிவைக்காமல் வெற்றிடத்துக்குத் திருப்பிவிட்டார். எவ்வளவு அடக்கம். தான் செய்த நல்ல காரியம் தனக்கே தெரியக் கூடாது என்று நினைப்பவர் உலகத்தில் எத்தனை பேர்?

டாக்கரின் அகராதியில் ‘பயன்படாதது’ என்றால் இந்த நிமிஷத்தில் ஓடாதது, எதனோடும் ஒட்டாதது, அவ்வளவுதான். நாளைக்கு வேண்டுமா என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியுமில்லை. அது தெரிய வேண்டிய ஆள் அறையில் இருக்கிறார் என்று நம்பித்தான் அந்தக் கேள்வியை அது கேட்கிறது. பெங்களூரில் வருஷம் முழுக்க ஓடும் ஒரு நிறுவனத்தில் இந்த அகராதி முக்கால்வாசி சரியாக இருக்கலாம். சிவகாசியில்? இங்கே தீபாவளி முடிந்தால் பட்டாசு ஆலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். பிறகு பூசை போட்டுத் திறப்பார்கள். மூடிய கதவைப் பார்த்து ‘இந்த ஆலை வேண்டாதது’ என்று இடிக்க எவரும் கடப்பாரை எடுத்ததில்லை. காலண்டரும் அப்படித்தான். பொங்கலோடு வேலை ஓயும், ஆடியில் மறுபடி எழும்பும். பருவத்துக்கு ஓடி, பருவத்துக்கு நிற்கும் ஊரில், நின்றதையெல்லாம் குப்பை என்று சொல்லும் ஒரு வரியைத் தினமும் ஓடவிட்டவருக்கு ஊரைப் பற்றி எவ்வளவு ஆழமான ஞானம் இருக்க வேண்டும்!

தீபாவளி முடிந்ததும் மைத்துனரின் விலைப்பட்டியல் கன்டெய்னரை மின்சாரம் மிச்சம் என்று அண்ணாச்சி நிறுத்தினார். அன்று ராத்திரியே அது போனது. தை பிறந்து காலண்டர் ஆர்டர் ஓய்ந்ததும் செயலியையும் அதன் டேட்டாபேஸையும் நிறுத்தினார். ராத்திரி 2 மணிக்கு முதலில் கன்டெய்னர் போனது. கன்டெய்னர் போனதால் அதன் வால்யூம் ஒட்டுறவில்லாமல் நின்றது. ஒட்டுறவில்லாததால் அதுவும் போனது. பிறகு இமேஜ். அடுத்தடுத்து ஒன்று விழ, விழுந்ததைச் சாக்காக வைத்து அடுத்தது விழுந்தது. இந்த ஆபத்தை டாக்கர்காரர்களும் உணர்ந்துதான் 2017-லேயே சும்மா ப்ரூன் சொன்னால் வால்யூமைத் தொடாதபடி மாற்றினார்கள். 2023-இல் வந்த 23-ஆம் பதிப்பிலிருந்து, வால்யூம்ஸ் என்று கேட்டாலும் பெயர் வைத்த வால்யூமைச் சாதாரணமாக அழிக்காது. அண்ணாச்சி அந்த இரண்டு பாதுகாப்பையும் வென்றார். முதலாவதை வாயால் கேட்டு நீக்கினார். இரண்டாவதைப் பதிப்பை உயர்த்தாமலே இருந்து நீக்கினார். ஓடும் எதையும் தொடக் கூடாது என்பது அவர் கொள்கை.

மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கல் வந்து போனது. சர்வர் அறை அமைதியாக இருந்தது. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று எந்த எச்சரிக்கையும் இல்லை. அண்ணாச்சியின் மேசையில் சாத்தூர் சேவுப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. முதலாளி ஒருநாள் அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டே போனார். நியாயம்தான், ஒரு வீட்டைத் தீயணைப்புக்காரர் காலி செய்துவிட்டால் பிறகு அங்கே தீப்பிடிப்பதில்லை.

ஆடிப்பெருக்கு வந்தது. ஆல்பத்துக்குப் பூசை முடிந்து, கற்பூரத்தட்டு ஆறுவதற்குள் செயலியைத் திறக்கச் சொன்னார்கள். திறப்பதற்கு ஒன்றுமில்லை.

மற்ற இடமாக இருந்தால் இமேஜை மறுபடி கட்டிக்கொள்ளலாம். எப்படிக் கட்டுவது என்று டாக்கர்ஃபைல் என்ற கோப்பில் படிப்படியாக எழுதி வைத்திருப்பார்கள். அண்ணாச்சி கலைஞர். எழுதி வைத்துச் செய்பவர் இல்லை. ஓடும் கன்டெய்னருக்குள் நேரே இறங்கி, அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரி திருத்தி, திருத்திய கோலத்திலேயே ‘கமிட்’ போட்டு இமேஜாக்கிவிடுவார். அந்தக் கைவேலையை இன்னொருவர் திரும்பச் செய்ய முடியாது. இப்போது அவராலும் முடியவில்லை.

நான்கைந்து நாட்களில் பாதி நினைவிலிருந்து ஒரு செயலியைக் கட்டி எழுப்பப் பார்த்தார்கள். அதற்கு அடிப்படை இமேஜ்களை வெளியிலிருந்து இறக்க வேண்டும். பகலில் இறக்கியதையெல்லாம், கன்டெய்னர் எதுவும் இன்னும் பிடிக்கவில்லையே என்று, ராத்திரி 2 மணிக்கு ஸ்கிரிப்ட் அழித்தது. ஆம், அதை இன்னும் நிறுத்தவில்லை. காலையில் மறுபடி இறக்கினார்கள். பணம் கட்டாமல் பெயர் சொல்லாமல் இறக்குபவர்களுக்கு டாக்கர் ஹப் 2020 நவம்பரில் கொண்டுவந்த வரம்பு, ஆறு மணி நேரத்துக்கு 100 தடவை. எங்கள் அலுவலகம் முழுக்க வெளியுலகத்துக்கு ஒரே முகவரி. இரண்டாம் நாள் மத்தியானமே ‘போதும், பிறகு வாருங்கள்’ என்று அங்கிருந்து கதவைச் சாத்திவிட்டார்கள். விருந்தோம்பல் தெரியாதவர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருந்தது தெரியுமா? ஏறக்குறைய இல்லை. அந்த ஆவணி மத்தியானம் இடத்தை அடைத்தது தூங்கும் ராமானுஜன்கள் அல்ல, அநாதை இமேஜ்களும் அல்ல. அவை அடைத்தது கொஞ்சம். இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த வெப்சர்வர் கன்டெய்னர் ஒன்று, தான் பார்த்ததையெல்லாம் ஒரே பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டே இருந்தது. டாக்கர் அந்தக் கோப்புக்குத் தானாக எந்த உச்சவரம்பும் வைப்பதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வளரும். ஓடும் கன்டெய்னரின் பதிவுக் கோப்பை ப்ரூன் தொடாது. எல்லா ராத்திரியும் அந்த மலையைச் சுற்றிவந்து, அதன் நிழலில் இருந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது ஸ்கிரிப்ட். பருவத்தின் உயிர்நாடியான ஆர்டர்கள் போயின, எவரும் படிக்காத பதிவுக் கோப்பு ஒரு எழுத்து குறையாமல் நின்றது. இவ்வளவு துல்லியமாக மாற்றி அழிக்க, தெரிந்தே முயன்றாலும் ஒருவருக்குக் கைவராது.

சில கோழைகள் வேறு வழி சொல்வார்கள். அமைப்புக் கோப்பில் பதிவு ஒன்றுக்கு உச்ச அளவு 10 எம்பி, மூன்று கோப்புக்கு மேல் வேண்டாம் என்று இரண்டு வரி எழுதினால் மலை வளர்ந்தே இருக்காது என்பார்கள். பருவத்துக் கன்டெய்னர்களுக்கு ‘வைத்திரு’ என்று ஒரு லேபிள் ஒட்டி, அந்த லேபிள் இல்லாததை மட்டும் அழி என்று வடிகட்டி போடலாம் என்பார்கள். லேபிள் ஒட்டுவதற்குச் சிவகாசிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று ஒரு குத்தலும் சேர்ப்பார்கள். ஒரு வாரத்துக்கு முந்தையதை மட்டும் அழிக்கும் ‘அன்டில்’ வடிகட்டி உண்டு, அது வால்யூமுக்குச் செல்லாது, அதனாலேயே வால்யூமை ராத்திரி ஸ்கிரிப்ட்டில் சேர்க்காமல் ஆள் உட்கார்ந்து பார்த்துத் தனியாகத் தொட வேண்டும் என்பார்கள். நிறுத்துவதற்கு முன் டேட்டாபேஸை நகலெடுத்து வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும் என்பார்கள். மைனஸ் எஃப் இல்லாமல் முதலில் கையால் ஓட்டி, அது கேட்கும் கேள்வியை ஒரு தடவையாவது படியுங்கள் என்பார்கள். இவர்கள் சொல்வதையெல்லாம் செய்ய ஒரு மத்தியானம் ஆகும். அண்ணாச்சியின் மத்தியானங்கள் விலை உயர்ந்தவை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் இரவில் வேறு சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. வைத்திருந்த காப்பு முறைகள் அவசரத்துக்குக் கைகொடுக்கவில்லை. அந்த நிறுவனம் மீட்கும் வேலையை உலகம் பார்க்க நேரலையில் காட்டியது, என்ன நடந்தது என்று வரி வரியாக எழுதி வெளியிட்டது. வெட்கம் கெட்டவர்கள். எங்கள் அண்ணாச்சி குடும்ப மானம் தெரிந்தவர். ஏஜெண்டுகள் கேட்டபோது ‘மேகத்துல கோளாறு’ என்றார். சர்வர் இருப்பது மாடியில் என்பதால் அதில் முழுப் பொய்யும் இல்லை.

ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஆர்டர்கள் எல்லாம் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தன. யார் எந்தச் சாமி, எத்தனை ஆயிரம், கடைப் பெயரில் ‘ண’கரமா ‘ன’கரமா என்பதுவரை வந்தது. கணக்கப்பிள்ளை, செயலி வந்த நாள் முதல் அதை நம்பாமல், திரையில் விழுவதையெல்லாம் சாயங்காலம் நீள நோட்டில் நீல மையில் எழுதி வந்திருக்கிறார். ரப்பர் பேண்டு போட்ட அந்த நோட்டுகள் எட்டும் அவர் மேசையின் கீழ் அறையில் இருந்தன. அவரை எவரும் பாராட்டவில்லை, ‘இன்னும் நோட்டா?’ என்று சிரித்தவர்களில் அண்ணாச்சியும் ஒருவர். புள்ளி புள்ளியாகத் தட்டி ஏற்றியவர்கள் கீழே பைண்டிங் பிரிவிலிருந்து வரவழைத்த இரண்டு பெண்கள். விவரம் தெரிந்தவர் அண்ணாச்சி என்பதால் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார்.

மேற்பார்வை முடிந்ததும் முதலாளியிடம் ஒரு தாளில் காரணம் எழுதிக் கொடுத்தார். டிஸ்க் சின்னது, டாக்கர் சரியில்லை, 2 டிபி புது டிஸ்க் வாங்கினால் இனி எந்தச் சங்கடமும் வராது. முதலாளி கையெழுத்துப் போட்டார். மதுரையிலிருந்து டிஸ்க் வந்தது, மஞ்சள் குங்குமம் வைத்து மாட்டினார்கள். பழைய டிஸ்க்கில் இருந்த அத்தனையையும், பதிவுக் கோப்பு உட்பட, ஒரு பைட் சிந்தாமல் புதியதில் நகலெடுத்தார் அண்ணாச்சி. க்ரான் பட்டியலையும் மறக்காமல் கொண்டுவந்து ஒட்டினார்.

எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று முதலாளி கேட்டார்.

‘நெறையக் கெடக்கு மொதலாளி, பாத்துக்கலாம்.’